அகழியை அகழ்தல்

தண்ணீரை இறைத்த மூன்றாம் நாள்
அழுகிய முட்டை நாற்றத்தோடு
அகழி வாய் திறந்தது.
முழங்கால் சேற்றில் தெல்மா பக்கிள்.
முப்பது வருடம் இப்ஸ்விச்சில் பேருந்து ஓட்டியவள்,
இப்போது கரணையால் சுரண்டுகிறாள்.

எந்தப் படையும் இங்கே வந்ததில்லை.
பக்கத்து ஊர்ப் பிரபு வெட்டினான்,
இவனும் வெட்டினான்.
அம்பு முனை தேடிய எங்களுக்குச்
சிப்பி ஓடு, பன்றித் தாடை,
குழந்தையின் ஒற்றைச் செருப்பு,
அப்புறம்
சமையலறைச் சன்னலுக்கு நேர் கீழே
கைப்பிடி போன நீலக் கோப்பைகள் ஏழு.
ஏழும் ஒரே ஆளின் வேலை என்கிறாள் தெல்மா.
யாரும் பார்க்குமுன், தொபுக்.
சம்பளத்தில் பிடிப்பார்களே.

பூங்கா இதைவிடக் கள்ளம்.
மான், ஓக் மரம், சரிந்திறங்கும் புல்
எல்லாம் ஆண்டவனே வைத்ததுபோல் இருக்கும்.
மழை பொய்த்த ஜூலையில்
புல்லே காட்டிக்கொடுத்தது:
சுவர் புதைந்த இடம் வைக்கோல் நிறம்,
பள்ளம் தூர்ந்த இடம் பச்சை.
ஒரு தெரு. பதினான்கு வீடு. ஒரு கிணறு.
வரவேற்பறையிலிருந்து பார்த்தால்
கண்ணை உறுத்தியிருக்கிறது போலும்.

ஜாரெட் டிரோனை ஏற்றிப் படமெடுத்து முடிக்கவும்
தூறல் விழவும் சரியாக இருந்தது.
ஒரே வாரம். மறுபடி வெறும் பச்சை.
மான்கள் மேய்ந்தன, ஒன்றுமே நடக்காத மாதிரி.

வேன் நிற்பது புல்வெளிக்கு அப்பால்.
நாங்கள் குறுக்கே நடக்கிறோம்.
தெல்மா மட்டும்
இல்லாத தெருவில் இறங்கி,
கிணற்றடியில் இடப்பக்கம் ஒடித்துத் திரும்பி,
கடைசி வீடு வரைக்கும் போகிறாள்.
சாவி அவளிடம்.
பசியோடு காத்திருக்கிறோம்.