வடக்கு வாசல்

மெய்த்திலாவிலிருந்து இரண்டு நாள் மாட்டுவண்டி.
இந்தப் பக்கம் மழை பெய்து
எத்தனை வருஷம் என்று கேட்டேன்.
கோ சான் ஷ்வே சிரித்தான்,
மாட்டைப் பார்த்து.

பொழுது சாயும் முன்பே வண்டியைத் திருப்பிக்கொண்டான்.
"இந்த ஊருக்குக் காவல் இருக்கிறது, சாயா.
சம்பளம் வாங்காத காவல்."

ஊர் என்றான். எங்கே ஊர்?
கள்ளிக்கும் முள்ளுக்கும் நடுவில் ஒரு செங்கல் மதில்,
இடுப்பளவு,
மேற்கே போகப் போக முழங்காலளவு,
அப்புறம் வெறும் செம்மண்.
அளந்தேன். சர்க்கார் சம்பளம் அதற்குத்தான்.
வடக்கு வாசல், பதினோரு அடி நாலு அங்குலம்.
இடது நிலைக்குக் கீழே கல் மூடி.

ஒரு கடப்பாரை, ஒரு ஆள்,
மறுநாள் பகல் பூராவும் போயிற்று.

கிணறு என்று நினைத்தேன்.
கிணறென்றால் கயிறு தேய்த்த தடம் இருக்குமே.

அவள் நின்றுகொண்டிருந்தாள்.
குழியின் அகலம் அவ்வளவுதான்.
கசிந்து இறங்கிய மணல் அவளை
விழவிடாமல் பிடித்து வைத்திருந்தது.
அவள் என்று சொன்னது வளையல்:
சங்கு வளையல், ஒரு கையில் மட்டும்.

மூடியைப் புரட்டி விளக்கைத் தாழ்த்தினேன்.
அடியில் சுண்ணாம்புக் காரை, காரையில் கீறல்.
பர்மிய வட்டங்கள் இல்லை.
கும்பகோணத்தில் ஒரு லீவுக்குப் போனபோது
கோயில் சுவரில் விரலால் தடவிய அதே எழுத்து.
இருட்டில் எழுதியது, ஒன்றின் மேல் ஒன்று ஏறி,
முதலில் ஆழமாக, போகப் போக நூலாக

திற
திற
  திற
திற

மற்ற வளையல் எங்கே போனது என்று
அப்போதுதான் புரிந்தது.

யார் கப்பலேற்றினார்கள், யார் விலை பேசினார்கள்?
இந்த வாசல் நிலைக்க ஒரு உயிர் வேண்டும் என்று
எவன் நாள் குறித்தான்?
திற. மரியாதை வைக்காத ஏவல்.
வேலைக்காரனிடம் சொல்வோம். சாமியிடமும் சொல்வோம்.
எண்ணூறு வருஷம் இருக்கலாம்.
படிக்கத் தெரிந்த ஒருவன் வந்தான்,
திறந்த பிறகு படித்தான்.

குடுவையில் பாதித் தண்ணீர் இருந்தது.
குடிக்க முடியவில்லை.
குழிக்குள் ஊற்றினேன்.
சத்தமே இல்லாமல் இறங்கிற்று.

விடிந்ததும் கோ சான் ஷ்வே வந்தான்.
வண்டியை வாசலுக்கு வெளியேதான் நிறுத்தினான்.
கல்லை நகர்த்த இன்னும் இரண்டு கை வேண்டும் என்றேன்.
"திறக்கவா, மூடவா?"

என் கையெழுத்தில் சர்வே நோட்டில் இருப்பது இது:
வடக்கு வாசல், பதினோரு அடி நாலு அங்குலம்.
இடது நிலைக்குக் கீழே கல் மூடி ஒன்று.
மூடிய நிலையில்.