மேசைக்கு அடியில்

இந்த முறை மட்டி வாரும்போது இல்லை.
கைதவறி விழுந்த காபி ஸ்பூனுக்காகக் குனிந்தேன்.
அவ்வளவுதான்.

முதல் தடவை, பதினெட்டுக் கிலோ கூடையோடு,
கரில் கடற்கரையில், எல்லோரும் பார்க்க.
அதில் ஒரு கௌரவம் இருந்தது.
இரண்டாவது, காரிலிருந்து இறங்கும்போது.
மூன்றாவது, ஸ்பூன்.
நான்காவது மூச்சு விட்டதற்காக வரும் என்றேன்
ஒப்டூலியாவிடம்.
அவள் சிரிக்கவில்லை.
என் பங்கு மட்டியையும் சேர்த்து
அவள்தான் வாரிக்கொண்டிருக்கிறாள்.

சமையலறைத் தரையில் மல்லாந்து
கால்களை நாற்காலிமேல் ஏற்றிக்கொண்டால்
வலி கொஞ்சம் தள்ளி உட்காரும்.
அங்கிருந்து தெரிவது மேசையின் அடிப்பக்கம்.
தச்சன் பென்சிலால் போட்ட எண், ஏழோ ஒன்றோ.
பிராய்ஸ் சின்ன வயதில் ஒட்டிவைத்த சூயிங்கம்,
கல்லாகிப்போய்.
முப்பது வருஷம் இதன்மேல் சாப்பிட்டிருக்கிறோம்.
வீட்டில் இப்படி ஓர் இடம் இருப்பது
இப்போதுதான் தெரிகிறது.

தும்மல் புறப்படும்போதே தெரிந்துவிடுகிறது.
ஓடிப்போய்ச் சுவரைப் பிடிக்க முடியாது.
நடந்துபோய்ப் பிடிக்கிறேன்,
காற்று கிளம்புமுன் படகைக் கட்டுகிறவள்போல.

இடுப்பிலிருந்து இடதுகால் சுண்டுவிரல்வரை
ஒரே கம்பி.
இரவு மூன்றரைக்கு யாரோ சுண்டிவிடுகிறார்கள்.

காலுறை மாட்டிவிட எலாதியோ மண்டியிடுகிறான்.
அவன் முட்டி சடக்கென்கிறது.
குதிகால் பக்கம் முன்னால் வருகிறது.
கல்யாணமாகி இத்தனை வருஷத்தில்
என் பாதத்தை அவன் பிடித்துப் பார்த்ததில்லை.
"இவ்வளவு சின்னதா?" என்கிறான்.
கோபமாகத்தான் இருந்தேன்.
கோபத்தோடு காலை நீட்டிக்கொண்டிருந்தேன்.

ஸ்கேன் படத்தில் டாக்டர் பேனாவால் தொட்டுக் காட்டினார்:
நான்காவது எலும்பு, ஐந்தாவது எலும்பு,
நடுவில் பிதுங்கி நிற்கிறதே, இதுதான்.
பழகிய காட்சி.
இரண்டு ஓட்டுக்கு நடுவே நாக்கை நீட்டிய மட்டி.
நாற்பது வருஷம் இதைத்தானே மணலுக்குள் தேடினேன்.
ஒன்று எனக்குள்ளேயே இருந்திருக்கிறது.

உள்ளே போகுமா?
பெரும்பாலும் தானாகவே சுருங்கும். நாளாகும்.
எத்தனை நாள் என்று அவர் சொல்லவில்லை.
மட்டியிடம் நானும் கேட்டதில்லை.
உப்புத் தண்ணீரில் போட்டு
விளக்கை அணைத்துவிட்டு வந்துவிடுவேன்.
விடிவதற்குள் மணலைக் கக்கியிருக்கும்.
தட்டினால் மட்டும் இறுக மூடிக்கொள்ளும்.

போன தடவை நான் தட்டினேன்.
மூன்றாம் வாரமே மாத்திரையை விழுங்கிவிட்டு
வாரியோடு தண்ணீரில் இறங்கினேன்.
அன்றைக்கு நல்ல வற்றம். விலையும் நல்ல விலை.
சொல்லிக்கொள்ள வேறு காரணம் இல்லை.

இப்போது ஊக்சியா சொல்வதைக் கேட்கிறேன்.
என் மகனைவிடச் சின்னவள், எப்போதும் சில்லிட்ட கை.
குப்புறப் படு. முழங்கையை ஊன்று. நெஞ்சைத் தூக்கு.
கடல்நாய்கள் பாறையில் செய்வதுதான்.
எழும்போது ஒருக்களித்து எழு, மரம் புரள்கிற மாதிரி.
முட்டாள்தனமாக இருக்கிறது.
செய்கிறேன்.

முதல் நாள் தபால்பெட்டிவரை.
அடுத்த வாரம் பேக்கரிவரை, திரும்ப அழுதுகொண்டு.
ஒருநாள் பாதியில் நின்று பார்த்தேன்.
கம்பி முட்டிக்குக் கீழே இல்லை.
யாரிடமும் சொல்லவில்லை.
சொன்னால் இறங்கிவிடும் என்று பயம்.

நாற்பத்தொன்றாம் நாள் கடற்சுவர்.
தண்ணீர் வற்றிக் கிடந்தது.
இருபத்தேழு முதுகுகள்.
முன்பெல்லாம் மணலைத்தான் பார்ப்பேன்,
முதுகுகளைப் பார்த்ததே இல்லை.
யார் இடப்பக்கம் சாய்கிறாள்,
யார் நிமிர்ந்ததும் கையைப் பின்னால் கொண்டுபோகிறாள்,
அடுத்தது யார்,
எல்லாம் அங்கிருந்தே தெரிந்தது.
ஒப்டூலியா காலை மடக்காமல் குனிகிறாள்.
"முட்டியை மடி!" என்று கத்தினேன்.
காற்று எடுத்துக்கொண்டது.
நலம் விசாரிக்கிறேன் என்று நினைத்துக்
கையை ஆட்டினாள்.

ஸ்பூன் இன்னும் அடுப்புக்கு அடியில் கிடக்கிறது.
எலாதியோ எடுக்கப்போனான்.
வேண்டாம், விடு என்றேன்.
அது என் ஸ்பூன்.
இன்றைக்கு இல்லை.