மார்பளவு

நாகவேணி ஏரியைப் பார்க்கவில்லை.
இந்த வீட்டுக்கு வருகிற எல்லாரும் செய்வதுபோல்
பின்வாசலுக்கு ஓடிப்போய்ப் போனைத் தூக்கவில்லை.
கூடத்து நடுவில் நின்று சுவரைப் பார்த்தாள்.
"பிளக் பாயின்ட் எல்லாம் ஏன் மேடம் இவ்வளவு மேலே?"

முன்பு இருந்த மஸ்கரெனாஸ்
முதுகுவலிக்காரர் என்று நினைத்திருந்தோம்.
குனியாமல் அயர்ன்பாக்ஸ் செருக வசதி பண்ணியவரை
மூன்று வருஷமாக வாழ்த்திக்கொண்டிருந்தேன்.
டிவி வயர் அந்தரத்தில் தொங்குகிறதே என்று
திருமாறன் மட்டும் திட்டுவான்.

அவள் டேப்பை விரித்தாள்.
நான்கடி இரண்டு அங்குலம்.
என் மார்பளவு.

கணுக்கால், முழங்கால், இடுப்பு, மார்பு:
தண்ணீரை நாம் உடம்பால்தான் அளக்கிறோம்.
கழுத்துக்கு மேல் அளவு சொல்ல
ஆள் இருப்பதில்லை.

படிவத்தில் பதினோராம் கேள்வி:
கடந்த பத்தாண்டுகளில் இக்கட்டடத்தில் வெள்ளம் புகுந்ததுண்டா?
எங்களுக்குத் தெரிந்து இல்லை என்றேன்.
பொய்யில்லை.
தெரிந்துகொள்ளாமல் இருக்க நிறையப் பாடுபட்டிருக்கிறோம்.
இடுப்புயரத்தில் கொப்புளித்த சுவரைச்
சுரண்டிப் பூசிய பில்கள் மூன்று
பீரோவில் இருக்கின்றன.
அவள் பீரோவைத் திறக்கச் சொல்லவில்லை.
சுவரில் உள்ளங்கையை வைத்துவிட்டு
என்னவோ எழுதிக்கொண்டாள்.

வாங்கும்போது சதுர அடிக்கு அறுநூறு கூடுதல்.
எங்களுக்கு ஏரி தெரிகிறதாம்.
லேக் வியூ பிரீமியம் என்றார் தரகர்.
இப்போது ஆண்டுக்கு முப்பத்தோராயிரத்து நானூற்று அறுபது.
ஏரிக்கு நாங்கள் தெரிகிறோமாம்.
இதற்கும் பிரீமியம் என்றுதான் பெயர்.

ஏன் இவ்வளவு?
ராஜகாலுவே நம் மதிலுக்குப் பின்னால் வளைகிறது,
மேலே இரண்டு ஏரிகள் நிரம்பி
ஹொசகெரெக்குத்தான் வழிய வேண்டும்,
போன வருஷம் தெருவை உயர்த்திப் போட்டார்கள்,
அதனால் உங்கள் கூடம்
தெருவைவிட ஒன்றரை அடி பள்ளம்.
எல்லாவற்றையும் கரண்ட் பில் வாசிப்பதுபோல் வாசித்தாள்.

"படுக்கையை மாடிக்கு மாற்றிவிட்டால்?"
"நிம்மதியாகத் தூங்கலாம் மேடம்.
ரேட் அதேதான்."

காப்பீடு செங்கலுக்கும் சிமென்ட்டுக்கும்.
மண்ணுக்கு இல்லை. மண் எங்கும் போகாதாம்.
நாங்கள் கடன் வாங்கிய காசில் முக்கால்வாசி
மண்ணுக்குத்தான் போனது.
சேதத்தில் முதல் ஐம்பதாயிரம் எங்களுடையது.
கார் தனி. நகை தனி.
சாக்கடை பின்னோக்கி ஏறி வந்தால்
அது வெள்ளமா இல்லையா என்பதற்கு
ஒரு முழுப் பக்கம், பொடி எழுத்தில்.

திருமாறன் ஆபீஸிலிருந்து கணக்குப் போட்டான்.
"பத்து வருஷம் கட்டினால் மூன்று லட்சம்.
அதற்குப் பழைய கார் ஒன்று வாங்கலாம்."
"எங்கே நிறுத்துவாய்?" என்றேன்.
லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன்.
இல்லை.

கட்டினேன்.
பதினைந்து நாள் கழித்துத்தான் நடைமுறைக்கு வருமாம்.
ரசீது வந்தபோது சார்ஜ் தீரப்போகிறது.
கை தானாக உயர்ந்து சுவரைத் தேடியது.
இவ்வளவு நாள் எவ்வளவு லேசாக உயர்த்தியிருக்கிறேன்.

கேட்டில் பிபுல் நாகவேணியை நிறுத்தி
என்னவோ கேட்டானாம்.
அவனுடைய டிரங்குப் பெட்டி பம்ப் ரூமில் இருக்கிறது,
மேடம் கட்டியதில் அதுவும் சேர்த்தியா என்று.
அவள் இல்லை என்றாளாம்.
நேராகச் சொன்னாள், நல்ல பெண் என்கிறான்.

சாயங்காலம் மேற்கே கறுத்தது.
பின்னால் மிச்சமாய்க் கிடக்கும் செங்கல்லை
எடுத்துக்கொள்ளட்டுமா என்று வந்தான்.
எடுத்துக்கொள் என்றேன்.
பெட்டிக்கடியில் ஒன்று வைத்தான், இரண்டு வைத்தான்.
மூன்றாவதற்குத் திரும்பி வந்தபோது
இரண்டு போதாதா பிபுல் என்று
கூடவே போனேன்.

அவன் பதில் சொல்லவில்லை. டார்ச்சை மேலே அடித்தான்.
அந்த ரூமில் பம்பின் சுவிட்ச்
கதவு நிலைக்கும் மேலே இருக்கிறது.
ஸ்டூல் போட்டால்தான் எட்டும்.