என்கிற

போலீஸ் தமிழில் எனக்கு ரொம்பப் பழகிய சொல்
என்கிற.

யேசுபாதம் என்கிற கேன் யேசு,
வயது பதினெட்டு, த/பெ மரியதாஸ்,
புதுமனைக்குப்பம், காசிமேடு.

அந்தச் சொல்லுக்கு இந்தப் பக்கம்
ஞானஸ்நானத்தில் அம்மா வாங்கித் தந்த பெயர்.
அந்தப் பக்கம் தெரு வைத்தது.
பெட்ரோல் கேன் என்று எழுதியது பேப்பர்.
தண்ணீர் கேன், அய்யா.
ஏழாவது படிக்கையில் ஜி.ஏ. ரோட்டு டீக்கடைக்குச் சுமந்தேன்,
கேனுக்கு ஐம்பது பைசா.

செய்யவில்லை என்று சொல்லமாட்டேன்.
செய்தேன்.
ஐஸ் குத்தும் கம்பியால், லோகுவின் இடது தோளில்.
படகுக்கோ பங்குக்கோ இல்லை,
ஒரு சிரிப்புக்கு.
அவன் சிரித்தான், நான் குடித்திருந்தேன்.
இன்றும் அந்தக் கை மேலே போகாது.
சட்டை மாட்ட அவன் மனைவி வரவேண்டும்.
எதிரில் என்னைப் பார்த்தால்
ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் நடப்பான்.
நடக்கட்டும்.
அவன் மறக்கவேண்டும் என்று
நான் எந்த மனுவிலும் கேட்டதில்லை.

நாலு வருஷம் புழல்.
வெளியே வந்து பன்னிரண்டு.

"ரெண்டு மாசம் முன்னாடி நடந்திருந்தா
ரெக்கார்டையே அழிச்சிருப்பாங்க"
என்று சொல்லிவிட்டு
வக்கீல் பரிமளகாந்தி நாக்கைக் கடித்துக்கொண்டார்.
சிறுவர்களுக்குச் சட்டத்தில் ஒரு கதவு உண்டு.
நான் அதைத் தாண்டி அறுபத்தோரு நாள்.

தேர்தல் வருவது
கட்சிக்காரனுக்கு முன்னால் எனக்குத் தெரியும்.
ஸ்டேஷனிலிருந்து போன் வரும்.
ஒரு வருஷத்துக்கு நல்லவனாக இருப்பேன் என்று
பாண்டில் எழுதிக் கொடுத்தவன்
எங்கள் தெருவில் நான் ஒருத்தன்தான்.

மகள் ஜெசிந்தாவின் கூடப் படிக்கும் பெண்
போனில் என் பெயரைத் தட்டிப் பார்த்திருக்கிறாள்.
வீட்டுக்கு வந்து ஒன்றே ஒன்று கேட்டாள் மகள்:
"கேன்னா இன்னாப்பா?"
தண்ணி கேன்டா, என்றேன்.
உண்மைதான்.
அவள் நம்பவில்லை என்பது
கதவைச் சாத்திய மெதுவில் தெரிந்தது.

திருவொற்றியூர் யார்டில் எனக்கு வேலை,
கண்டெய்னர் சீல் நம்பர் சரிபார்ப்பது.
எண்ணூர் ரோட்டில் டிரெய்லர்கள் ராத்திரி முழுக்க நிற்கும்.
டிரைவர்கள் அதன் நிழலில் சோறு வடிப்பார்கள்.
உள்ளே என்ன என்று ஒருவரும் கேட்பதில்லை.
கட்டைவிரல் கனத்தில் ஒரு போல்ட், அதில் ஒரு எண்,
அவ்வளவுதான் பூட்டு.
உடைக்கவேண்டும் என்றால் கஸ்டம்ஸ் வரவேண்டும்,
காரணம் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும்,
பார்த்து முடித்ததும்
புது சீல் போட்டு மூடவேண்டும்.

எரித்துவிடு என்று யார் கேட்டது?
சரக்கு உள்ளேயே இருக்கட்டும்.
மூடியதால் எடை குறையாது,
இழுக்கிற வண்டிக்குத் தெரியும்.
போகிறவன் வருகிறவனெல்லாம்
கதவைத் திறந்து பார்த்துவிட்டுப்
போகவேண்டாம் என்றுதான்.

ஜீரோ கேட்டுக்கு உள்ளே வேலை என்றால்
மாதம் ஆறாயிரம் கூட.
பாஸுக்கு விண்ணப்பித்தேன்.
பதினோராவது கேள்வி:
உங்கள் மீது எப்போதாவது...
எப்போதாவதுக்குக் கடைசித் தேதி போட்டிருக்கிறதா என்று
பின்பக்கமும் திருப்பிப் பார்த்தேன்.
பின்பக்கம் வெறும் வெள்ளை.

விசாரிக்க ஒரு சின்னப் பையன் வந்தான்,
புது கான்ஸ்டபிள், மீசை இன்னும் கூடவில்லை.
மாவு மிஷின் ராபியாவிடம்தான் முதலில் கேட்டான்,
எட்டு வருஷமாக எங்களுக்கு அரைத்துக் கொடுப்பவள்:
"இங்க கேன் யேசு வீடு எது?"
மாடிப்படியில் நான் கேட்டுக்கொண்டு நின்றேன்.

"அப்பிடி ஆரும் இல்லியே சார்.
யார்டுல சீல் பாக்கறவரு ஒருத்தரு கீறாரு.
சீல்காரர்னுதான் கூப்புடுவோம்.
இன்னாத்துக்கு?"

மிஷின் சத்தத்தில்
அவன் இன்னொரு முறை கேட்டுத் தெளிந்தான்.
பிறகு அட்டையைத் தொடையில் வைத்து, குனிந்து,
பொறுமையாக, எழுத்துப்பிழை இல்லாமல் எழுதினான்:

யேசுபாதம் என்கிற கேன் யேசு
என்கிற சீல்காரர்.