அரைப் பேர்

மூன்று கடிதமும் ஒரே கிழமையில் வந்தன.
தபால் கந்தோரில் கையெழுத்து வைக்கும்போதே
தோட்டம் முழுக்கத் தெரிந்துவிட்டது.
டீச்சராப் போ என்றது கொழுந்து மடுவம்.
டீச்சராத்தான் போவா என்றது கோயிலடி.

எனக்குப் பிள்ளைகளின் சத்தம் ஆகாது.
இந்த மலையில் படித்த பெண்ணொருத்தி
வாய்விட்டுச் சொல்லக் கூடாத வாசகம் இது.
ஆறு மாதம் தொண்டராசிரியையாக நின்றேன்.
நாற்பது பிள்ளைகள், ஒரு தகரக் கூரை, மேலே மழை.
பெருக்கல் வாய்ப்பாடு அவர்களுக்குப் பிடிபட்டது.
எனக்குத் தினமும் பதினொரு மணிக்குத் தலையிடி.
நல்ல வேலைதான்.
நான் கெட்டவளும் இல்லை,
என் காது அப்படி.

அடுத்தது கம்பனிக் கடிதம்.
வெளிக்கள உத்தியோகத்தர்:
குவார்ட்டஸ், மோட்டார் சைக்கிள்,
திருகினால் சுடுதண்ணீர்.
கிறிஸ்டிலா தலவாக்கலையில் வங்கியில் இருக்கிறாள்.
சம்பளத்தைக் கல்குலேட்டரில் தட்டிப் பார்த்து
பதினாலு மாசத்துல உங்க கடன் முடியும் என்றாள்.
அவள் கணக்கு பிழைக்காது.

நேர்முகத்தில் விஜேகோன் மாத்தயா கேட்டார்:
பதினெட்டுக் கிலோ எடுக்க வேண்டிய மலையில்
ஒருத்தி பதினாலு எடுத்தால்?
அரைப் பேர் போடுவேன், சேர்.
சரியான விடை. தாளில் ஒரு சரி போட்டார்.
அன்றைக்கு அம்மாவின் கொழுந்து
தராசில் பதினைந்தரை,
சாக்குக்கும் ஈரத்துக்கும் கழித்தபின் பதின்மூன்றரை.

இரவு அவளிடம் சொன்னேன்.
ரொட்டியைப் புரட்டிக்கொண்டே சிரித்தாள்:
"எவன் வந்தாலும் அதத்தான் போடுவான்.
நீ போட்டா மூஞ்சியப் பாத்து ஏசவாச்சும் முடியும்."
எனக்கும் சிரிப்பு வந்தது.
அதன்பின் அந்த ரொட்டி இறங்கவில்லை.

மூன்றாவது, தியத்தலாவை.
நில அளவைப் பயிற்சி, இரண்டு வருடம்.
தரும் காசு பஸ்ஸுக்கும் சவர்க்காரத்துக்கும் சரி.
காட்டுக்குள்ள கம்பம் தூக்கவா படிச்ச என்று
வத்தளைப் புடவைக்கடையிலிருந்து அண்ணன் ஏசினான்.

போன வருடம் கீழ்ப்பிரிவில்
ஏழு பேர்ச் ஏழு பேர்ச்சாக அளக்க வந்தார்கள்.
ஆள் போதாமல் என்னிடம் கம்பத்தைத் தந்தார்கள்.
பனி மூடிக்கொண்டது.
மூன்று மணித்தியாலம் அசையாமல் நின்றேன்,
அட்டை கடித்ததுகூடத் தெரியவில்லை.
பனி விலகியதும் கண்ணாடிக்குள் பார்க்கவிட்டார்கள்:
எங்கள் லயத்துக் கோடிச் சுவர்,
அதன் வெடிப்பு, வெடிப்புக்குள் ஒரு புல்,
நடுவே மயிரிழைக் கோடு.
செல்லமுத்துவின் ஆட்டுப்பட்டி
பதினொரு அங்குலம் வெளியே நின்றது.
துரை பங்களாவின் வேலியோ
நாலு அடி.
அதே கருவி. அதே குரலில் வாசித்தார்கள்.

பத்திரம் இன்னும் வரவில்லை.
நட்ட முளைகளில் ஆடுகள் முதுகு சொறிகின்றன.
அளப்பது கொடுப்பதாகிவிடாது;
அதுவும் எனக்குத் தெரியும்.
பேருக்கும் பேர்ச்சுக்கும் ஒரு எழுத்துத்தான் தூரம்,
அதைக் கடக்க எத்தனை வருடம் என்று
எந்த நாடாவிலும் இல்லை.

கிறிஸ்டிலா சொன்னபடி கட்டம் கீறிப் புள்ளி போட்டேன்.
கம்பனிக்கு முப்பத்தொன்று.
தியத்தலாவைக்கு இருபத்தாறு.
பள்ளிக்கூடத்துக்கும் இருபத்தாறு,
பாவம் பார்த்து இரண்டு கூட்டிப் போட்டது.
மறுபடி கூட்டினேன். முப்பத்தொன்று.
மூன்றாம் தரம், விரல் விட்டு,
எங்காவது பிழை இருக்கட்டும் என்று
கூட்டிக்கொண்டிருக்கும்போது
கையிலிருந்த பென்சில் நின்றது.

அம்மா இன்னும் இரண்டு வருடம் மலை ஏற வேண்டும்.
அதை நான் எந்தக் கட்டத்திலும் எழுதவில்லை.

வழியனுப்ப அவள் வரவில்லை.
வந்தால் ஒரு பேர் போய்விடும்.
தலவாக்கலையில் ஏறி
வட்டகொடைக்கு முந்திய வளைவில் எட்டிப் பார்த்தேன்.
சரிவில் முப்பது, நாற்பது பேர்,
எல்லார் முதுகிலும் ஒரே நீலப் படங்கு.
ஒருத்தி நிமிர்ந்தாள். கையை ஆட்டினாளா,
அட்டையைத் தட்டிவிட்டாளா,
தெரியவில்லை.
தூரம் நூற்றைம்பது மீற்றர் இருக்கும்,
கண் மட்டுக் கணக்கு.
பிழை இருக்கலாம்.