வரிசையில் ஒரு பச்சைக் குடம்

தண்டையார்பேட்டையில் பொருட்காட்சி போட்டிருந்தார்கள்.
ராட்டினத்துக்குப் பதினெட்டுத் தொட்டில்.
எபிநேசர் பஸ்ஸிலிருந்தே எண்ணிவிட்டான்,
அதில் ஒன்றுக்கு விளக்கு எரியவில்லை என்பதையும் சேர்த்து.

வரிசையின் வால் டெல்லி அப்பளக் கடை வரை கிடந்தது.
நாலடி நகர்ந்திருப்போம்.
ஜெனரேட்டர் உறுமியது. யாருடைய பையோ
அவன் முதுகில் உரசியது.
காதைப் பொத்தினான். பிறகு
மணிக்கட்டைக் கடித்தான்,
எப்போதும் கடிக்கிற அதே இடத்தில்.
பதினோரு வயதில் அந்த இடம்
தோலாக இல்லை, செருப்பாக இருக்கிறது.

அட்டையை எடுத்து நீட்டினேன்.
அறுபது சதவீதம் என்று போட்டிருக்கிறது அதில்.
மீதி நாற்பதைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள்.
"காலு நல்லாத்தானேமா கீது?"
என்றான் கயிறு பிடித்திருந்தவன்.
பொய்யில்லை, நன்றாகத்தான் இருக்கிறது.
சற்றுமுன் கட்டை ஊன்றி வந்த ஒருவரை
கேட்காமலே உள்ளே விட்டவனும் அவன்தான்.
கெட்டவன் இல்லை.
ஊன்றிக்கொள்ள ஒன்றும் இல்லாத ஒருவனை
எப்படி அடையாளம் காண்பது என்று
அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

"முன்னாடி வுடச் சொல்லலண்ணா.
அவன் மொற வரும்போதே வரட்டும்.
அதுவரைக்கும் இங்க நிக்க வேணாம்,
அவ்ளோதான் கேக்குறேன்."

"நிக்காம எப்டிமா லைனு?"

நல்ல கேள்வி.
கொருக்குப்பேட்டைக்காரியிடம் கேட்டிருக்கக் கூடாது.

எங்கள் தெருவில் விடிகாலை மூன்று மணிக்கு
தண்ணீர் லாரிக்கு வரிசையில் நிற்பது குடங்கள்தான்.
ஆட்கள் வீட்டில் தூங்குவார்கள்.
விளிம்பு உருகிய நீலம் மெர்சியக்கா,
கழுத்தில் துணி கட்டிய சிவப்பு மாடி வீட்டு பர்வீன்.
முந்திய குடங்கள் உதை வாங்கியிருக்கின்றன;
மற்றபடி ஒரு குடத்தைப் பார்த்து
உனக்கு என்ன நோய் என்று
யாரும் கேட்டதில்லை.

எதை எடுத்தாலும் ஐம்பது ரூபாய்க் கடையில்
பச்சையில் ஒன்று வாங்கினேன்.
நாங்கள் நின்ற இடத்தில் வைத்தேன்.
பின்னால் நின்ற பெண்
குடத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
எபியின் மணிக்கட்டைப் பார்த்தாள்.
"லாரிக்கு வெக்கிறா மாரியா?"
"ஆமாக்கா."
"போய்ட்டு வா. நான் தள்ளிக்கிறேன்."
கொடுங்கையூராம். காலால் குடம் நகர்த்தும் பழக்கத்தைப்
பாதத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

மைதானத்துச் சுவர் முடிகிற இடத்தில்
இருட்டு கொஞ்சம் இருந்தது, தண்டவாளம் இருந்தது.
எபி உட்கார்ந்தான்.
எண்ணெய் வேகன்கள் போயின, நாற்பத்தெட்டு.
கை மெதுவாக வாயை விட்டு இறங்கியது.
வரிசையில் நின்றவர்கள் எவ்வளவு நேரம் காத்தார்களோ
அவ்வளவு நேரம் நாங்களும் காத்தோம்,
ஒரு நிமிடமும் குறைவில்லை.

இடையில் கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவர்
"கொடம் ராட்னம் ஏறுமா?" என்று
எட்டி உதைத்தாராம்.
கொடுங்கையூர் அக்கா அவருக்குச் சொன்ன பதிலை
இங்கே எழுத முடியாது.
குடத்தில் ஒரு சொட்டை விழுந்திருந்தது.

கயிற்றுக்காரன் குடத்தைப் பார்த்தான்.
எபியைப் பார்க்காமலே கயிற்றைத் தூக்கினான்.
குடத்துக்கு டிக்கெட் கேட்கவில்லை.

விளக்கு எரியாத தொட்டிலே எங்களுக்கு வாய்த்தது.
உச்சியில் நின்றது ராட்டினம்.
துறைமுகத்துக் கிரேன்கள், காசிமேட்டுப் படகு விளக்குகள்,
மணலிப் பக்கம் அணையாமல் எரியும் அந்தச் சுடர்.
"பார்றா எபி, கடல்."
அவன் குடத்தின் வாயில் வாயை வைத்து
ம்ம்ம் என்று ஊதிக்கொண்டிருந்தான்.
அவன் குரல் அவனுக்கே திரும்பி வந்துகொண்டிருந்தது.
கடலுக்காக இருநூறு ரூபாய் கொடுத்திருந்தேன்,
கொஞ்சம் கோபம்கூட வந்தது.

இறங்கினோம்.
இன்னொரு தரம் என்று அவன் கேட்கவில்லை.
அவனுக்குக் கேட்க வராது.
அப்பளக் கடை வரை நடந்து போய்
வரிசையின் கடைசி ஆளுக்குப் பின்னால்
குடத்தை வைத்துவிட்டு
சுவர்ப் பக்கமாக நடந்தான்,
நான் வருகிறேனா என்று பார்க்காமல்.