சிக்னல் இல்லை

பூம்பாறையில் ஞாயிற்றுக்கிழமை மதியம்
எல்லா வீட்டிலும் ஒரே காமெடி, ஒரே சிரிப்பு.
எங்கள் வீட்டில் இரண்டு.

படத்து அப்பா செருப்பைக் கழற்றும்போது
குழந்தைவேலு சிரிப்பார்.
படத்து மகன் சுவரேறிக் குதித்துத் தப்பினால்
நான்.
தை மாதத்திலிருந்து
என் அப்பாவும் நானும் கொடுத்து வாங்கியது
இவ்வளவுதான்.

கீழ்ப்படிதான் பிரச்சினை.
நிலத்தைச் சொல்கிறேன்.
பூண்டுக்கென்று கொத்திப் போட்டிருந்த மூன்று அடுக்கில்
ஆறு கூடாரம் அடித்தேன்.
மதுரைப் பையன்கள் நெருப்பு மூட்டி
கிடாரை ஏதோ செய்துவிட்டுக் காசு தந்தார்கள்.
ஒரு ராத்திரிக்கு
வடுகபட்டியில் அரை மூட்டைப் பூண்டின் விலை.
அவர் வந்தார்.
ஒரு கூடாரத்தின் ஜிப்பைத் திறந்தார், மூடினார்.
"இதுக்குள்ள என்ன வெளையும்?"
என்னைக் கேட்கவில்லை. ஜிப்பைக் கேட்டார்.

அதிலிருந்து அம்மாதான் டப்பிங்.
"அந்த நாயைத் திங்கச் சொல்லு" என்பது
"தம்பி, ரசம் ஆறுது" என்று வந்துசேரும்.
"அவர் பூண்ட அவரே திங்கட்டும்" என்பது
"அவனுக்குப் பசிக்கலையாம்" என்று போகும்.
வாய் ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம்.

இன்றைக்கு அம்மா கொடைக்கானலில், பல் பிடுங்க.
சோற்றை அவரவர் போட்டுக்கொண்டோம்.
பதினைந்து தடவை பார்த்த படம்.
மளிகைக்கடை அப்பா, தண்டச்சோறு மகன்.
மகன் கல்லாவில் கைவிட்டு மாட்டிக்கொள்ளும் இடம்.
அப்பா வேட்டியை மடித்துக் கட்டி
வாயைத் திறக்கிறார்

கூக்கால் பக்கமிருந்து மேகம் வந்து
கூரைமேல் உட்கார்ந்தது.
நீலத் திரை. சிக்னல் இல்லை.

நான் ரிமோட்டை உள்ளங்கையில் தட்டினேன்.
தகரத்தில் மழை.
அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார்:
"ஒன்னப் பெத்ததுக்கு ஒரு எருமையப் பெத்திருந்தா
பாலாவது கறந்திருப்பேன்டா."

படத்து வசனம்தான்.
இழுக்கிற இடத்தில் சரியாக இழுத்தார்.
அடுத்த வரி எனக்குத் தெரியும். ஊருக்கே தெரியும்.
"அதுக்கு நீங்க கொம்போட பொறந்திருக்கணும்ப்பா."

தோள் குலுங்கியது அவருக்கு.
"கல்லாவுல எவ்வளவுடா எடுத்த?"
"எண்ணத் தெரிஞ்சா
நான் ஏம்ப்பா உங்க கடையில கெடக்கேன்?"

இந்த இடத்தில் செருப்பு பறக்க வேண்டும்.
அவர் காலில் செருப்பு இல்லை.
பெருவிரல் நகத்துக்குள் கறுப்பாக மண்.
சோற்றை இரண்டு முறை உருட்டினார், உண்ணவில்லை.

"மழ வந்தா," என்றார்,
"அவனுங்க எங்க படுப்பானுங்க?"

அடுத்த வரியைத் தேடினேன்.
படத்தில் அப்படி ஒரு கேள்வி கிடையாது.
பதினைந்து தடவை பார்த்திருக்கிறேன்,
கிடையாது.

"சுத்தி வாய்க்கால் வெட்டணும்ப்பா."
என் குரல் எனக்கே
வேறு யாரோ கொடுத்ததுபோல் இருந்தது.

"வெட்டுனியா?"

"இல்ல."

"எருமை."

இது படத்திலிருந்தா, இல்லையா என்று
நான் முடிவு செய்வதற்குள்
சிக்னல் வந்துவிட்டது.
கடையும் இல்லை, கல்லாவும் இல்லை.
வெளிநாடு என்று சொல்லி ஒரு புல்வெளியில் பாட்டு.
மன்னவனூர் அது. பின்னால் ஆட்டுப்பண்ணை வேலி தெரியும்.
பாட்டு வந்தால் எப்போதும் மாற்றிவிடுவார்.
ரிமோட் என் கையில் இருந்தது.
கேட்கவில்லை. நானும் நீட்டவில்லை.
முழுப் பாட்டையும் பார்த்தோம்.

சாயங்காலம் அம்மா வந்தாள்,
கன்னம் வீங்கி, வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டு.
பேசக் கூடாதாம் ராத்திரி வரை.
கழுவிக் கவிழ்த்திருந்த இரண்டு தட்டுகளையும்
எங்கள் இருவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.
ரசம் வைக்கட்டுமா என்று கையால் கேட்டாள்.

"அவனக் கேளு" என்றார்.
"அவரக் கேளு" என்றேன்.
ஒரே நேரத்தில்.